'பார்த்துக் கொடுங்க அண்ணாச்சி'... சொந்தமாகத் தொழில் தொடங்கும் பிளம்பர் எவ்வளவு கேட்பது நியாயம்? சிவகாசி வட்டாரத்தில் இருந்து ஒரு கணக்கு

மிளகாய் வத்தல், துவரம் பருப்பு, கடலை எண்ணெய் என்று விருதுநகர் மார்க்கெட் விலை நிலவரம் பத்திரிகைகளில் தொடர்ந்து வருகிறது. மூட்டைக்கு எவ்வளவு ஏறியது, டின்னுக்கு எவ்வளவு இறங்கியது என்று வெளியூர் வியாபாரிகளும் அதைப் பார்க்கிறார்கள். ஆனால், அதே விருதுநகரில் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "பார்த்துக் கொடுங்க அண்ணாச்சி."

கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால், புதிதாகச் சொந்தத் தொழில் தொடங்கிய பிளம்பரை முதல் வருஷத்திலேயே கடனில் தள்ளுவதும் இந்த வார்த்தைதான். வேலை முடிந்த பிறகு வீட்டுக்காரர் 150 ரூபாய் நீட்டினால் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கூடுதலாகக் கேட்டால் "ஏமாத்துறான்" என்ற பேச்சு வரும்.

நியாயமான விலை என்பது எது? அதை எப்படிக் கணக்கிடுவது? பட்டாசுத் தொழிலை நம்பியிருக்கும் ஒரு பகுதியில் இந்தக் கேள்வி ஏன் முக்கியம்? பார்க்கலாம்.

பட்டாசுக்கும் பிளம்பிங்குக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் தயாராகும் பட்டாசுகளில் மிகப் பெரும் பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தில் இருந்துதான் போகிறது. இந்தத் தொழில் கடந்த சில ஆண்டுகளாக இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது.

ஒரு பக்கம் நீதிமன்ற உத்தரவுகள். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. அதைத் தொடர்ந்து சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2025 ஏப்ரலில், டெல்லி வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் உள்ள தடையைத் தளர்த்த நீதிமன்றம் மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், தீபாவளியையொட்டி சில நாட்களுக்கு மட்டும் பசுமைப் பட்டாசுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆர்டர் வருமா, வராதா என்பது ஒவ்வொரு ஆண்டும் கேள்விதான்.

இன்னொரு பக்கம் விபத்துகள். 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அதற்குப் பிறகும் விபத்துச் செய்திகள் நிற்கவில்லை.

இந்தச் சூழலில் ஆலை வேலையை விட்டுவிட்டோ, ஆலைப் பக்கமே போகாமலோ கைத்தொழிலுக்குத் திரும்பும் இளைஞர்களுக்கு பிளம்பிங், எலெக்ட்ரிக்கல், ஏ.சி. மெக்கானிக் போன்றவை முக்கியமான வழிகள். ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. படிக்காதவர்கள் ஒரு காண்ட்ராக்டரிடம் சில வருஷம் கையாளாக இருந்து கற்றுக்கொள்கிறார்கள்.

இந்தப் பகுதிக்கு பிளம்பர் தேவையும் அதிகம். பல இடங்களில் குடிநீர் தினமும் வருவதில்லை. அதனால் வீட்டுக்கு வீடு கீழே சம்ப், மேலே டேங்க், நடுவில் மோட்டார் என்றுதான் அமைப்பு இருக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் குழாயின் வாஷரும் ஸ்பிண்டிலும் சீக்கிரமே போய்விடும்.

அப்படியென்றால் வேலைக்குப் பஞ்சமில்லை. பிறகு ஏன் கையில் காசு நிற்பதில்லை?

கூலி வேறு, விலை வேறு

பட்டாசு ஆலைகளில் மருந்து செலுத்துவது, திரி வைப்பது, பேக்கிங் போன்ற பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. இத்தனை எண்ணம் முடித்தால் இவ்வளவு ரூபாய். அங்கே ஷெட், மருந்து, காகிதம், திரி எல்லாம் முதலாளியுடையது. தொழிலாளி கொண்டு போவது தன் உழைப்பையும் சாப்பாட்டுத் தூக்கையும்தான். அதனால் கைக்கு வருவது முழுக்கக் கூலி.

கட்டட வேலையில் காண்ட்ராக்டருக்குக் கீழே நாள் சம்பளத்துக்குப் போகும் பிளம்பருக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். வேலை பிடிப்பது, பொருள் வாங்குவது, பணம் வசூலிப்பது எல்லாம் காண்ட்ராக்டர் தலைவலி.

தனியாக வந்த அன்றே இந்தத் தலைவலி எல்லாம் பிளம்பருக்கு வந்துவிடுகிறது. ஆனால் அவர் கேட்கும் தொகை மட்டும் பழைய நாள் கூலியிலேயே நிற்கிறது. சறுக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவர் வாங்குவது 'கூலி' என்று நினைக்கிறார். ஆனால் அது ஒரு தொழிலின் மொத்த வரவு. பெட்ரோல், கருவி, வேலையில்லாத நாள், நோய், வயதான காலம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஆலைப் பதிவேட்டில் பெயர் இருக்கும் தொழிலாளிக்கு, கைக்கு வரும் சம்பளத்துக்கு மேல் முதலாளியும் ஒரு பங்கு போடுகிறார். பி.எஃப்.புக்கு பொதுவாக 12%, இ.எஸ்.ஐ.க்கு 3.25%. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33%. மூன்றையும் கூட்டினால் 23 சதவீதத்துக்கு மேல். சொந்தத் தொழிலுக்கு வந்தவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. தீபாவளிக்கு போனஸ் வேண்டுமென்றால் அவரே அவருக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் போகும் கூலியோடு ஒப்பிடலாமா?

"கொத்தனாருக்கே இவ்வளவுதான், உனக்கு எதுக்கு இவ்வளவு?" என்பது பிளம்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி.

ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23-ல் கிராமப்புறத்தில் ஆண் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி தினக்கூலி தமிழ்நாட்டில் 500.9 ரூபாய். தேசிய சராசரி 393.3 ரூபாய். செங்கோட்டை தாண்டி கேரளாவுக்குள் போனால் 852.5 ரூபாய்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒரே மாதிரி உழைப்புக்கு எல்லை தாண்டினால் விலை மாறுகிறது. ஆகவே 'இதுதான் நியாயமான கூலி' என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இரண்டு, இது இன்னொருவரிடம் வேலை செய்பவரின் கூலி. சொந்த பைக்கில், சொந்தக் கருவியோடு வந்து, வேலை சரியில்லை என்றால் மறுபடியும் வந்து பார்த்துக் கொடுப்பவரின் விலையை இதோடு ஒப்பிட முடியாது.

குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் இங்கே உதவாது. முதலாளி தொழிலாளிக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. சுயதொழில் செய்பவர் தன் விலையைத் தானேதான் போட வேண்டும்.

அப்போ எவ்வளவு கேட்கணும்? ஒரு மாதிரிக் கணக்கு

வியாபாரிகள் 'அடக்க விலை' என்று சொல்வார்களே, அதேதான். ஒரு மணி நேர வேலையின் அடக்கம் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். கீழே இருப்பது புரிதலுக்கான மாதிரி. அவரவர் செலவுக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: மாதம் எவ்வளவு வேண்டும்?

• வீட்டுச் செலவு (வாடகை, மளிகை, பிள்ளைகள் படிப்பு): ரூ.24,000
• பெட்ரோல்: ரூ.2,500
• போன் ரீசார்ஜ்: ரூ.300
• கருவித் தேய்மானம் (டிரில்லிங் மெஷின், பைப் ரெஞ்ச், கட்டர்): ரூ.1,200
• பைக் சர்வீஸ், இன்சூரன்ஸ்: ரூ.1,000
• டெஃப்ளான் டேப், ஹேக்சா பிளேடு போன்ற சில்லறைப் பொருட்கள், இலவசமாகப் போய்ப் பார்க்கும் வேலை: ரூ.1,000
• சேமிப்பு (மருத்துவம், வேலையில்லாத மாதம், வயதான காலம்): ரூ.3,000

மொத்தம்: ரூ.33,000

இரண்டாவது படி: காசாகும் நேரம் எவ்வளவு?

மாதம் 30 நாள். ஞாயிறு, கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, உடம்பு சரியில்லாத நாள், வேலை வராத நாள் எல்லாம் போனால் சுமார் 20 நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 20 நாளிலும் முழு நேரம் காசாகாது. விலை கேட்டுக் கூப்பிட்டு, போய்ப் பார்த்து, கடைசியில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும் வேலைகள் உண்டு. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்குக் காத்திருக்க வேண்டும். பாக்கி வசூலிக்கவும் அலைய வேண்டும். 9 மணி நேரம் வெளியே இருந்தாலும், ஏதாவது ஒரு வாடிக்கையாளர் கணக்கில் எழுதக்கூடியது சுமார் ஐந்தரை மணி நேரம்தான் தேறும்.

20 நாள் x 5.5 மணி = 110 மணி நேரம்.

மூன்றாவது படி: வகுத்துப் பார்த்தால்?

33,000-ஐ 110-ஆல் வகுத்தால் மணிக்கு 300 ரூபாய்.

இது லாபம் இல்லை, அடக்கம். இதற்குக் கீழே போனால் வேறு எதையோ வெட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவது சேமிப்பு. அடுத்தது பைக் இன்சூரன்ஸ்.

இதே ஆள் நாளுக்கு 1,000 ரூபாய் என்று பழைய கூலிக் கணக்கில் போனால் என்ன ஆகும்? 20 நாளுக்கு 20,000 ரூபாய். தொழில் செலவு 6,000 போக கையில் 14,000. வீட்டுச் செலவுக்கே 10,000 ரூபாய் துண்டு விழும். தினமும் வேலைக்குப் போகிறார், தினமும் காசு பார்க்கிறார், ஆனாலும் மாதக் கடைசியில் கடன். காரணம் இதுதான்.

20 நிமிஷ வேலைக்கு 300 ரூபாயா?

வீட்டுக்காரர்களுக்கு இயல்பாக வரும் கேள்வி இது. வாஷர் மாற்ற 20 நிமிஷம் போதும். ஆனால் பிளம்பர் வந்து சேர 15 நிமிஷம். குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அந்த மாடலுக்கான பொருளைக் கடையில் தேடி வாங்கி வர 15 நிமிஷம். தண்ணீரைத் திறந்து, ஒழுகவில்லை என்று உறுதி செய்ய 10 நிமிஷம். மொத்தம் ஒரு மணி நேரம்.

அதனால்தான் சின்ன வேலைகளுக்கு 'குறைந்தபட்சக் கட்டணம்' என்று ஒன்று வைத்துக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. போனில் கூப்பிடும்போதே, "வந்து பார்த்து சின்ன வேலையா இருந்தா 300 ரூபாண்ணே, பொருள் தனி" என்று சொல்லிவிட வேண்டும். அது கட்டுபடியாகாது என்று நினைப்பவர் அப்போதே வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று சின்ன வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் கூப்பிட்டால் வீட்டுக்காரருக்குத்தான் மிச்சம்.

டவுனுக்குள் ஒரு கட்டணம், பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்துக்கு ஒரு கட்டணம் என்று பிரித்து வைப்பதிலும் தப்பில்லை. ஆனால் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நாள் கூலியா, பாயிண்ட் கணக்கா, மொத்தமாகப் பேசுவதா?

மூன்று முறையும் வழக்கத்தில் இருக்கிறது. எந்த வேலைக்கு எது பொருந்தும் என்பதுதான் விஷயம்.

நாள் கூலி: உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பழைய லைன் வேலைக்குப் பொருந்தும். சுவரை உடைத்தால்தான் கசிவு எங்கே என்று தெரியும் என்றால் மொத்த விலை பேசுவது ஆபத்து. "முதல் நாள் உடைச்சுப் பார்க்குறதுக்கு இவ்வளவு, பார்த்த பிறகு மீதியைப் பேசுவோம்" என்பதே நேர்மையான வழி.

பாயிண்ட் கணக்கு: புது வீடு, புது பாத்ரூம் என்றால் குழாய், ஷவர், வாஷ்பேசின், கீசர் இணைப்பு எல்லாவற்றையும் எண்ணி, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று பேசலாம். வரைபடம் மாறினால் தொகையும் தானாக மாறும்.

மொத்தம்: ஓவர்ஹெட் டேங்க் மாற்றுவது, மோட்டார் லைன் இழுப்பது மாதிரி, அளவு தெளிவாகத் தெரிந்த வேலைக்குச் சரி.

ஒரு பாத்ரூம் வேலையை எடுத்துக்கொள்வோம். 8 பாயிண்ட், 3 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 24 மணி நேரம். ஒரே இடத்தில் தொடர்ந்து வேலை கிடைப்பதால் அலைச்சலும் காத்திருப்பும் குறைவு. ஆகவே மணிக்கு 250 ரூபாய் என்று குறைத்துக்கொள்ளலாம்.

• பிளம்பர்: 24 x 250 = ரூ.6,000
• கையாள்: 3 நாள் x 700 = ரூ.2,100
• கூட்டினால்: ரூ.8,100
• எதிர்பாராத வேலைக்கு 10%: ரூ.810
• மொத்தம்: ரூ.8,910

பாயிண்ட்டுக்கு சுமார் 1,115 ரூபாய் வருகிறது. இப்படிக் கணக்குப் போட்டு வைத்திருப்பவரால்தான் "கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றால் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்க முடியாது என்று பதில் சொல்ல முடியும். குத்துமதிப்பாக 9,000 என்று சொன்னவர், அடுத்த நிமிஷமே 7,000-க்கு இறங்கி வந்துவிடுவார். அப்போதுதான் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வரும்: "அப்போ முதல்ல சொன்னது ஏமாத்து வேலையா?"

மணல், டைல்ஸ் வேலை, சுவரில் காடி எடுத்த இடத்தைப் பூசுவது ஆகியவை யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். பிளம்பருக்கும் கொத்தனாருக்கும் நடுவில் விழும் வேலைக்குத்தான் சண்டையே வரும்.

அரசே லாபம் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது

"கூலி வாங்குற, அதுக்கு மேல லாபம் வேறயா?" என்ற கேள்விக்கு அரசாங்கத்தின் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

மத்திய பொதுப்பணித் துறை தன் கட்டட வேலைகளுக்கு விலைப் பகுப்பாய்வு வெளியிடுகிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு பொருள், எத்தனை ஆள், என்ன கூலி என்று கணக்கிட்டுவிட்டு, அதற்கு மேல் ஒப்பந்ததாரரின் லாபமும் மேற்செலவுமாக 15% சேர்க்கிறது. தமிழ்நாடு பொதுப்பணித் துறையும் ஆண்டுதோறும் விலைப்பட்டியல் வெளியிடுகிறது. அதில் பிளம்பர் கூலியும் இருக்கும்.

அந்தப் பட்டியல் விலையையே வீட்டு வேலைக்கு அப்படியே வைக்க முடியாது. அது பெரிய கட்டடங்களுக்கானது. ஆனால், 'பொருள் + கூலி + மேற்செலவு + லாபம்' என்ற வாய்ப்பாடு சின்ன பிளம்பருக்கும் பொருந்தும். லாபம் என்பது அடுத்த வருஷம் நல்ல டிரில்லிங் மெஷின் வாங்க, இன்னொரு பையனுக்கு வேலை கற்றுக்கொடுத்துச் சம்பளம் தர உதவும் பணம்.

கடை கமிஷன்: கூலி குறைவு, பில் அதிகம்

கூலியைக் குறைத்துச் சொல்லிவிட்டு, பொருளில் எடுத்துக்கொள்வது என்பது ஊரறிந்த ரகசியம். ஹார்டுவேர் கடைகள் சிலவற்றில் பிளம்பர் கூட்டி வரும் வாடிக்கையாளருக்கு கமிஷன் உண்டு. பைப் நிறுவனங்களும் பிளம்பர்களுக்குப் பாயின்ட், கூப்பன், பரிசு என்று திட்டங்கள் வைத்திருக்கின்றன.

இதில் பிளம்பரை மட்டும் குறை சொல்ல முடியாது. கூலியை நேராகக் கேட்டால் தராத ஊரில், அது பின்வாசல் வழியாக வருகிறது. ஆனால் நஷ்டம் இரண்டு பக்கமும்தான். தேவைக்கு மேல் விலை கூடிய குழாய் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. கமிஷனை நம்பி கூலியைக் குறைத்த பிளம்பர், வீட்டுக்காரர் பொருளைத் தானே வாங்கி வந்த அன்று மாட்டிக்கொள்கிறார்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பொருளை வீட்டுக்காரரே வாங்கட்டும். பட்டியல் மட்டும் பிளம்பர் எழுதிக் கொடுக்கலாம். அல்லது பிளம்பர் வாங்கி வந்து பில்லைக் காட்டி, ஏற்றி இறக்கி அலைந்ததற்கு இவ்வளவு என்று தனியாக வாங்கிக்கொள்ளலாம். இதை வெளிப்படையாகச் சொன்னால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை.

சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க வேலைக்கு?

இந்த வட்டாரத்தில் முதல் வேலைகள் பெரும்பாலும் சொந்தத்திலும் தெருவிலும்தான் வரும். மாமா வீட்டில் காசு வாங்க முடியாது, அண்ணாச்சி கடையில் கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் முதல் பத்து வேலையை இலவசமாகச் செய்தால், பதினோராவது ஆளும் அதையே எதிர்பார்ப்பார்.

முழு விலையைச் சொல்லிவிட்டு, அதில் எவ்வளவு விட்டுக் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வது ஒரு வழி. "450 ஆகும் மாமா, நீங்க 300 கொடுங்க" என்றால் உறவும் கெடாது, விலையும் கெடாது. அவர் அடுத்தவரிடம் சிபாரிசு செய்யும்போது 450 என்றுதான் சொல்வார்.

பாக்கியும் அப்படித்தான். பெரிய வேலைக்குப் பொருள் வாங்க முன்பணம், பாதி முடிந்ததும் ஒரு பகுதி, முடிந்ததும் மீதி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இதை வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதி அனுப்பினாலே போதும். எழுதச் சிரமம் என்றால் வாய்ஸ் மெசேஜ்கூட பிறகு பேச ஆதாரமாக இருக்கும்.

எவ்வளவு கொடுத்தாலும் செய்யக்கூடாத வேலை

அடைப்பு எடுக்கப் போன இடத்தில் சில சமயம் இப்படி ஒரு பேச்சு வரும்: "தொட்டிக்குள்ள கொஞ்சம் இறங்கிப் பாருப்பா, 2,000 கூடத் தர்றேன்."

கழிவுநீர்த் தொட்டியிலோ பாதாளச் சாக்கடையிலோ பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். இறக்கிவிடுபவர்தான் இங்கே குற்றவாளி. இப்படிச் சாக்கடைப் பணியில் உயிரிழப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபர் 20-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

குடிநீர் சம்ப் விஷயத்திலும் கவனம் வேண்டும். ரொம்ப நாள் மூடிக் கிடந்த சம்பில் காற்று குறைந்திருக்கலாம். உள்ளே மோட்டார் இருந்தால் மின்சாரம் பாயும் ஆபத்தும் உண்டு. மூடியைத் திறந்து காற்றோட்டம் விட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்து, மேலே ஒருவரை நிற்க வைத்த பிறகுதான் இறங்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளின் கூலியும் விலைக்குள் இருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கைக் கணக்கில் கூலி என்றால் கை வேகமாக ஓடினால்தான் காசு. அந்த அவசரம் மருந்து அறைக்குள் எவ்வளவு ஆபத்து என்று பட்டாசு ஊர்களுக்குத் தெரியும். விலையை ரொம்பக் குறைத்துப் பேசிய பிளம்பரும் அதே அவசரத்தில்தான் இருப்பார். ஏணியை ஒழுங்காக நிறுத்த நேரமிருக்காது. கரண்ட்டை அணைக்காமலே வேலையை ஆரம்பிப்பார். குறைந்த விலையில் முதலில் காணாமல் போவது பாதுகாப்பு.

ஜி.எஸ்.டி., வரி, வாரியம்: தெரிந்திருக்க வேண்டியவை

• சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பொருளையும் பிளம்பரே வாங்கி பில்லில் சேர்த்தால் அந்தத் தொகையும் வரவில் சேரும். பதிவு செய்யாதவர் 'ஜி.எஸ்.டி.' என்று சொல்லி வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது.

• வருமான வரியில் சிறு தொழிலுக்கு எளிய முறை இருக்கிறது. அதன்படி, மொத்த வரவில் 8 சதவீதத்தை (டிஜிட்டல் வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதத்தை) வருமானமாகக் காட்டலாம். ஆகவே யு.பி.ஐ. வாங்கப் பயப்படத் தேவையில்லை. பிறகு வங்கிக் கடன் கேட்கும்போது அந்த வரவுப் பதிவே சாட்சி. முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. கருவி வாங்கக் கடன் எடுத்தால் அதன் தவணையையும் மாதச் செலவில் சேர்க்க வேண்டும்.

• 2023-ல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பிளம்பிங் இல்லை. கொத்தனார், தச்சர், கொல்லர் போன்ற தொழில்கள் இருக்கின்றன. "எல்லாக் கைத்தொழிலுக்கும் உண்டு" என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் ஏமாற வேண்டாம்.

• 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ள பிளம்பர்கள் பதிவு செய்யலாம். விபத்து நிவாரணம், பிள்ளைகள் கல்வி உதவி, ஓய்வூதியம் எல்லாம் இதன் வழியாகத்தான். பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும்.

• நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி பணம் வாங்கிச் செய்யும் வேலையும் சேவைதான். பில் தராமல் இருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று. சின்ன பில் புத்தகம் ஒன்று இருப்பது பிளம்பருக்கும் பாதுகாப்பு.

கேரண்டி எதற்கு, எவ்வளவு நாள்?

"ஒரு வருஷம் கேரண்டி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வதும் மறைமுக நஷ்டம்தான். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் வாஷர் எவ்வளவு நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வேலைக்கும் பொருளுக்கும் கேரண்டியைப் பிரித்துச் சொல்வது நல்லது. தான் போட்ட ஜாயின்ட்டில் கசிந்தால் இத்தனை மாதம் வரை இலவசமாக வந்து பார்க்கலாம். பொருள் பழுதானால் அது கம்பெனி வாரண்டி. சுவரைப் பூசும் முன்பே லைனில் பிரஷர் டெஸ்ட் செய்து வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டால் பின்னால் வரும் பாதிச் சண்டை குறையும்.

வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. வந்து பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு?
2. சொன்ன தொகையில் பொருளும் சேர்ந்ததா, தனியா?
3. உடைத்த இடத்தைப் பூசுவது யார்?
4. மறுபடி ஒழுகினால் எத்தனை நாள் வரை இலவசமாக வந்து பார்ப்பீர்கள்?

இந்த நான்குக்கும் யோசிக்காமல் பதில் சொல்பவர் 50 ரூபாய் கூடக் கேட்டாலும் லாபம்தான். பதில் சொல்லாமல் தலையைச் சொறிபவர் எவ்வளவு மலிவாக இருந்தாலும், இரண்டாவது தடவை கூப்பிட வேண்டி வரலாம்.

என்ன மாற வேண்டும்?

சொந்தத் தொழிலுக்கு வந்த ஒரு இளைஞரின் கையில் வேலை இருக்கலாம், தெருவில் நல்ல பெயரும் இருக்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தின் அடக்கம் தெரியாவிட்டால் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். தாங்காதவர் திரும்பிப் போக இந்த வட்டாரத்தில் இருக்கும் இடம் பெரும்பாலும் பட்டாசு ஆலைதான். அதனால் 150 ரூபாயா, 300 ரூபாயா என்ற பேரம் ஒரு குழாயோடு முடிந்துவிடுவதில்லை.

ஐ.டி.ஐ.யிலும் திறன் பயிற்சி மையங்களிலும் பைப் இணைக்கக் கற்றுக்கொடுக்கும்போது, ஒரு வேலைக்கு விலை போடுவதையும் ஒரு பாடமாகச் சேர்க்கலாம். அதுவரை செய்யக்கூடியது எளிமையானதுதான். இந்த மாதம் எவ்வளவு செலவானது, எத்தனை மணி நேரம் உண்மையில் காசானது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தால் போதும். மாதக் கடைசியில் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வரும் எண்ணை, அடுத்த மாதம் முதல் தயங்காமல் சொல்லலாம்.